பிள்ளைகளோடு பூச்சி பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்களேன்

நானே ஆரம்பிக்கிறேன். வீடு மதுரை பசுமலையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போவது வழக்கம். முதலில் தாமரைக் குளம், ஆலமரம், மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தேன். மகாவீரரை ரெண்டாவது வாரமும் பார்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை பார்க்கும்? ஒருநாள் மழைத்தண்ணி படாத பாறை இடுக்கில் மாவு மாதிரி கிடந்த புழுதியில் குட்டிக்குட்டிப் புனலாகக் குழிகளைப் பார்த்துவிட்டு மகன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். குழியானைதான், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் தோண்டியிருப்போம்.

பெயரைச் சொல்லவில்லை. ஒரு புல்லைக் கிள்ளிக் கொடுத்துக் குழியின் ஓரத்தில் லேசாக வருடச் சொன்னேன். கீழேயிருந்து மண் தெறித்தது. அப்புறம் ஓர் எறும்பு தானாகவே வந்து சறுக்கியது, அது ஏற ஏற அடியில் இருப்பது மண்ணை வீசி வீசி இறக்கியது, கடைசியில் கொடுக்கு மட்டும் வெளியே வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மகளுக்கு எறும்பு மேல் பாவம், மகனுக்கு இன்னொரு எறும்பு வேண்டும்! புழுதியோடு அள்ளி உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கிறது, குழி தோண்டுவதும் அப்படிப் பின்னால் சுற்றிச் சுற்றித்தான்.

"இது எங்கப்பா ஆயி போகும்?" என்று கேட்டான் பாருங்கள், அதற்கு உண்மையான பதிலே இருக்கிறது: போகாது. புழுவாக இருக்கும்வரை அதற்குக் கழிவு வெளியேற வழியே கிடையாது, எல்லாம் உள்ளேயே சேர்ந்து, இறக்கை முளைத்து வெளியே வந்த பிறகுதான் போகும். மறுநாள் ஸ்கூல் வேன் முழுக்க இதுதான் செய்தி. வளர்ந்தபின் தட்டான் போலவே இருக்கும், ஆனால் மீசை நீளமாக, நுனி தடித்து இருக்கும், பறப்பதும் தள்ளாடித்தான். ராத்திரி டியூப் லைட்டுக்கு வரும்.

என் அனுபவத்தில், பெயரிலிருந்து தொடங்கினால் பாடம் என்று நினைத்து ஓடிவிடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்று காட்டினால் நிற்கிறார்கள்.

* * *

எங்களுக்கு மலையெல்லாம் தூரம் அண்ணே, கே.கே. நகரில் மூன்றாவது மாடி. மொட்டைமாடித் தொட்டியில் கறிவேப்பிலை மட்டும் இருக்கிறது. இலை மேல் காக்கா எச்சம் கிடக்கிறது என்று மகள் குச்சியால் தள்ளப்போக, எச்சம் நடந்தது! எலுமிச்சை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் அந்த வேஷம், கொஞ்சம் வளர்ந்து தோலுரித்ததும் இலைப் பச்சை. அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ரெண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும் பாருங்கள், மகள் அந்தத் தெருப் பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி மோந்து பார்க்க வைத்தாள். மாமியாருக்குத்தான் இலை போகிறதே என்று கவலை. இப்போது ரசத்துக்குக் கடையில் வாங்குகிறோம், செடி புழுவுக்கு.

* * *

நான் மேலூர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அரிட்டாபட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் வருகிறவர்கள் பைனாகுலரோடு ராசாளியையும் கழுகையும் தேடிக்கொண்டு அண்ணாந்தே நடக்கிறார்கள். நாங்கள் கண்மாய்க் கரை எருக்கஞ்செடியைத் தாண்டுவதில்லை. இலைக்கு அடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வைத்த ஒற்றை முட்டை, பக்கத்து இலையில் கறுப்பு மஞ்சள் வெள்ளை வரிகளோடு அதன் புழு, தேடினால் தங்கப் பொட்டு வைத்த கூட்டுப்புழு. எல்லாம் ஒரே செடியில்! எருக்கம்பாலின் விஷத்தைப் புழு உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் குருவிகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அதே செடியில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வெட்டுக்கிளி இருக்கும், பிடித்தால் சர்ரென்று பீச்சும், ஆகவே முகத்துக்கு நேரே வேண்டாம். எருக்கம்பாலும் கண்ணில் படக்கூடாது, கை கழுவாமல் கண்ணைக் கசக்கவிடாதீர்கள்.

பெயரிலிருந்து தொடங்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் தொடக்கூடாதது எது என்பதை மட்டும் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் முருங்கை மரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சி. அது பட்டால் தேய்க்காமல், செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் சுணை வந்துவிடும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவலாம். மற்றபடி, பிள்ளைக்குப் பயம் இருப்பதில்லை, கூட வருகிற அம்மா "ச்சீ, கீழ போடு" என்றதும்தான் வருகிறது. அதனால் துணைக்கு வரும் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுவேன்.

* * *

டீச்சரம்மா சொன்னதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று கேட்டே வளர்ந்தவன் நான், பேரனுக்கும் அதையே சொல்லிவைத்திருந்தேன். ஜன்னல் கதவில் குளவி கட்டியிருந்த மண்கூடு ஒன்று தானாக விழுந்து உடைந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் நாலைந்து, சாகவுமில்லை, நகரவுமில்லை. நடுவில் வெள்ளையாக வேறொரு குட்டிப் புழு, அந்தப் பச்சைப் புழுக்களில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் குளவியின் பிள்ளை. தாய் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து வைப்பது, முட்டை பொரிந்ததும் கெடாத சாப்பாடு. "அப்ப இது ஃபிரிட்ஜா தாத்தா?" என்றான். பழமொழியை மேடையில் சொல்கிறவர்கள் சொல்லட்டும், பேரன் முன்னால் இனி எடுபடாது.

மழை விழுந்ததும் நாகமலைப் பக்கம் சிவப்பு வெல்வெட்டில் ஊருமே தம்பலப்பூச்சி, அதன் காலை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும். பூச்சிக்கு ஆறுதானே, இது சிலந்திக்குச் சொந்தம்.

அடுத்து பேரனுக்கு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்க்க வேண்டுமாம். எந்த பல்ப் நல்லது?

* * *

ஐயா, மெர்க்குரி விளக்குக்குத்தான் நன்றாக வரும், சாதா எல்.இ.டி.க்குக் குறைவாக வரும். அமாவாசையை ஒட்டி, காற்றில்லாத ராத்திரியாகப் பாருங்கள். வெயில் காய்ந்து முதல் மழை விழுந்த அன்றைக்கு மட்டும் வேண்டாம், வேட்டி முழுக்க ஈசல்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஆனபோது அப்பத்தா வறுக்கிறதுக்குச் சட்டியோடு மேலே வந்துவிட்டது.