பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி: வீட்டோவுக்குப் பலியானவரா, ருவாண்டாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரா?

பழைய வாசகன்:
ஐ.நா. பொதுச்செயலாளர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பூட்ரோஸ் காலியை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் படுகொலை நடந்தபோது பதவியில் இருந்தவர், இரண்டாவது முறை கிடைக்கவில்லை. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. 1949இல் பாரிஸில் பன்னாட்டுச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கெய்ரோ பல்கலைக்கழகத்தில் 1977 வரை பாடம் நடத்திய மனிதர். பேராசிரியராக இருந்தபடியே பன்னாட்டு அரசியலுக்கென்று அரபு மொழியில் ஒரு இதழைத் தொடங்கி வருடக்கணக்கில் நடத்தியவர். 1992 ஜனவரியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் பொதுச்செயலாளர் ஆனார். கம்போடியாவில் 1993இல் ஐ.நா. நடத்திய தேர்தலும் மொசாம்பிக்கில் 1994இல் நடந்த தேர்தலும் இவர் காலத்தவைதான், அதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. 1996 நவம்பர் 19 அன்று அவருக்கு இரண்டாவது முறை கொடுக்கலாமா என்று பாதுகாப்பு சபையில் வாக்கெடுத்தபோது 15 நாடுகளில் 14 ஆதரவு. பிரிட்டன்கூட ஆதரித்தது. அமெரிக்கா ஒன்று மட்டும் வீட்டோ, அதாவது தடுப்பு வாக்கு, போட்டது. சொன்னபடி ஆடவில்லை என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கரிசல்:
வீட்டோ அநியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை வைத்து அவரைத் தியாகி ஆக்காதீர்கள். ருவாண்டாவில் அவருடைய பெயர் 1994இல் வரவில்லை, 1990லேயே வந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபரில் ருவாண்டா அதிபர் ஹபியாரிமானாவின் அரசுக்கு எகிப்து ஆயுதம் விற்றது. அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் அப்போது எகிப்தின் வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த இதே காலி. பின்னாளில் கேட்டபோது, எகிப்திய ஆயுதங்களை விற்றுத் தருவது தன் வேலையின் ஒரு பகுதி என்று சொன்னார். சரி, அமைச்சராக இருந்தபோது செய்தது என்று விடுவோம். 1994 ஏப்ரல் 6 இரவு ஹபியாரிமானா போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு கொலைகள் தொடங்கியபோது அவர் ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். உடனே நியூயார்க் திரும்பவில்லை. ஐ.நா.வே பின்னால் அமைத்த விசாரணைக் குழு 1999 அறிக்கையில் இதைக் குறை சொல்லியிருக்கிறது. சுமார் எட்டு லட்சம் பேர் செத்த விஷயத்தில் 'அவர் கையில் என்ன இருந்தது' என்று கேட்டுவிட்டுப் போய்விட முடியாது.

பழைய வாசகன்:
கையில் என்ன இருந்தது என்று கேட்கத்தான் வேண்டும் நண்பரே, அங்கேதான் விஷயமே இருக்கிறது. பொதுச்செயலாளருக்குச் சொந்தமாக ஒரு சிப்பாய் கிடையாது. அமெரிக்கா மட்டும் ஐ.நா.வுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்த காலம் அது. 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் நடத்திய ஓர் அதிரடித் தாக்குதலில் 18 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டது, உத்தரவிட்டது எல்லாம் அமெரிக்கத் தளபதிகள். ஆனால் வாஷிங்டனில் அத்தனை பேரும் பழியைத் தூக்கி ஐ.நா. தலையில் போட்டார்கள். அதற்கு ஆறு மாதம் கழித்து ருவாண்டா. அங்கே ஐ.நா. அமைதிப்படையில் இருந்த பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அமெரிக்கா இன்னொரு ஆப்பிரிக்கச் சிக்கல் வேண்டாம் என்றது. ஏப்ரல் 21 அன்று அந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது பாதுகாப்பு சபை. ருவாண்டாவின் கொலைகார அரசின் பிரதிநிதியும் அப்போது அந்தச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார், ஞாபகம் இருக்கட்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பலிகடா ஆக்குவது சுலபம்.

வெண்ணிலா:
நான் பன்னாட்டுச் சட்டம் படித்தவள், இரண்டு பேருமே அவருடைய பேராசிரியர் குணத்தைத் தொடவில்லை என்று தோன்றுகிறது. அவர் என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கணக்குப் போட்டு எழுதிக்கொடுப்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். உள்நாட்டுப் போர் நடந்த போஸ்னியாவைப் பாருங்கள். ஸ்ரெப்ரெனிட்சா உள்ளிட்ட ஊர்களைப் பாதுகாப்புப் பகுதிகளாகக் காக்க 34,000 படையினர் தேவை என்று 1993இல் சபைக்கு எழுதினார். சபை கொடுத்த அனுமதி 7,600. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அந்த ஊர்களைக் காக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் கணக்குப் போட்டவரே அவர்தான். ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ருவாண்டாவிலும் இதே பாணிதான். ஏப்ரல் 20 அன்று மூன்று வழிகளை எழுதிச் சபை முன் வைத்தார்: படையைப் பெருமளவு கூட்டுவது, 270 ஆகக் குறைப்பது, முழுதாகத் திரும்புவது. முதல் வழிதான் வேண்டும் என்று மேசையைத் தட்டிக் கேட்கவில்லை. வகுப்பறையில் மூன்று கோட்பாடுகளை விளக்கிவிட்டு மாணவர்களையே யோசிக்கச் சொல்லலாம். இங்கே முடிவெடுக்க வேண்டியவர்களோ எதுவும் செய்யாமலிருக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த நாடுகள்.

பழைய வாசகன்:
அதே காலி ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள், வலுவான நடவடிக்கை வேண்டும் என்று சபைக்கு எழுதினாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மே 17 அன்று 5,500 பேருக்கு அனுமதி வந்தது. காகிதத்தில்தான். படை தரச் சொல்லி நாடு நாடாகக் கேட்டுப் பார்த்தார், ஜூலை வரை சொல்லும்படி யாரும் வந்து இறங்கவில்லை.

அப்புறம் சோமாலியாவை ஏன் மறக்கிறீர்கள்? 1992இல், அங்கே பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, போஸ்னியாவைப் 'பணக்காரர்களின் போர்' என்று பாதுகாப்பு சபை முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். ஐரோப்பிய உயிருக்கு ஒரு விலை, ஆப்பிரிக்க உயிருக்கு ஒரு விலையா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கரிசல்:
அந்த நெஞ்சுரம் போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் எப்படி ஒலித்தது தெரியுமா? 1992 டிசம்பர் 31 அன்று, முற்றுகையில் கிடந்த ஊருக்குப் போய், உங்களைவிட மோசமாக இருக்கும் பத்து இடங்களை என்னால் பட்டியலிட முடியும் என்றார். குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில் நின்று சொல்கிற பேச்சா அது?

ஆனால் என்னுடைய முக்கியமான கேள்வி வேறு. அவருக்கு எதிர்த்து நிற்கத் தெரியாது என்றால் நான் விட்டுவிடுவேன். தெரியும். 1996 ஏப்ரல் 18 அன்று தெற்கு லெபனானின் கானா என்ற ஊரில், ஐ.நா. முகாமில் தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்கள் நூறு பேருக்கு மேல் இஸ்ரேலியப் பீரங்கித் தாக்குதலில் செத்தார்கள். காலி தன் ராணுவ ஆலோசகரை அனுப்பி விசாரித்தார். தவறுதலாக நடந்த தாக்குதலாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று அறிக்கை வந்தது. வெளியிடாதே என்று அமெரிக்கா நெருக்கியது. மறுதேர்தல் ஆறேழு மாதத்தில் இருக்கும்போதும் வெளியிட்டார். தலையைக் கொடுத்து எடுத்த முடிவு, அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், அந்தத் துணிச்சலில் பாதி 1994 ஏப்ரல் முதல் மூன்று வாரத்தில் எங்கே போனது?

வெண்ணிலா:
கரிசல், நல்ல கேள்வி. ஆனால் கீழே இருந்து அவருக்குத் தகவல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆயுதக் கிடங்குகள் பற்றியும் ருவாண்டாவின் சிறுபான்மையினரான துட்சிகளைக் கொல்லப் போடும் திட்டம் பற்றியும் அங்கிருந்த அமைதிப்படைத் தளபதி டலேர் 1994 ஜனவரி 11 அன்றே தந்தி அனுப்பினார். கிடங்குகளில் சோதனை போட வேண்டாம் என்று பதில் அனுப்பியது நியூயார்க்கில் இருந்த ஐ.நா. அமைதிப்படைத் துறை. அதன் தலைவர் கோஃபி அன்னான். காலியை வெளியேற்றிவிட்டு அமெரிக்கா கொண்டுவந்தது அவரைத்தான். ஆக, ருவாண்டாவுக்கான தண்டனை அல்ல அந்த வீட்டோ, இது பளிச்சென்று தெரிகிறது.

கரிசல்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். தண்டனை வேறு காரணத்துக்காகக் கிடைத்தது என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடுமா? சபை மறுத்தால் அவர் ராஜினாமா செய்திருக்கலாம்.

பழைய வாசகன்:
ராஜினாமாவால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். 1977இல் எகிப்து அதிபர் சதாத் இஸ்ரேலுடன் பேச ஜெருசலேம் போகிறேன் என்றதும் வெளியுறவு அமைச்சர் ஃபஹ்மி விலகினார், அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவரும் விலகினார். பொறுப்பு பூட்ரோஸ் காலியின் கைக்கு வந்தது, அவர் விமானம் ஏறினார், ஜெருசலேமில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே தயானுடன் ஒரே காரில் போனார். அடுத்த வருடம் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேலுடன் அமைதிப் பேச்சு நடந்தபோது அப்போதைய வெளியுறவு அமைச்சர் கமெல் விலகினார். சதாத் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். விலகியவர்களால் ஒரு வரிகூட மாறவில்லை. உள்ளே இருந்தவர்தான் பாலஸ்தீனர்களுக்காக ஒவ்வொரு வாசகமாகப் போராடினார். 1994 மே 25 அன்று நிருபர்கள் முன்னால் இது இனப்படுகொலை, இந்தத் தோல்விக்கு நாம் எல்லோரும் பொறுப்பு என்று அவர் சொன்னாரே, ராஜினாமா செய்துவிட்டு வீட்டிலிருந்து சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

கரிசல்:
மே 25க்குள் ஏழு வாரம் போய்விட்டது. மொத்தக் கொலையும் நடந்ததே நூறு நாளில். அதே நிருபர்கள் சந்திப்பை ஏப்ரல் 10ஆம் தேதி நடத்த அவருக்கு எந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படவில்லை. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள், நான் கேட்கத் தயார்.