உயிரியல் பூங்காச் சுற்றுலா எப்போது பாதுகாப்புக் கல்வியாகிறது?

கேள்வி: தாம்பரம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தை அடுத்துள்ள ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளியின் பசுமைப் படைக்கும் நானே பொறுப்பாசிரியை. அக்டோபர் முதல் வாரத்தில் வரும் வனஉயிரின வாரத்தையொட்டி ஏழாம் வகுப்பு மாணவர்களை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அனுமதி கேட்டபோது தலைமையாசிரியர் எழுப்பிய கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை: “காணும் பொங்கலன்று பெற்றோரோடு போய்வருகிற இடத்துக்கு, ஒரு வேலை நாளைச் செலவிட்டுப் பள்ளி ஏன் அழைத்துப் போக வேண்டும்?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பள்ளிகள் வழக்கமாகத் தரும் பயிற்சித்தாளில் விலங்கின் பெயர், உணவு, வாழிடம் என்று கட்டம் போட்டிருக்கும். பிள்ளைகள் தகவல் பலகையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கூண்டுக்கு ஓடுவார்கள். விலங்கை நிமிர்ந்து பார்ப்பவர்கள் சிலரே. மறுநாள் வகுப்பில் கேட்டால் வெள்ளைப்புலியும் பேட்டரி வண்டியும்தான் நினைவில் இருக்கும்.

இதற்கிடையே, வெளிநாடு சென்று வந்த பெற்றோர் சிலர், கேளிக்கையையும் விலங்குகளையும் ஒன்றாக அமைத்த பூங்காக்களே பிள்ளைகளின் மனத்தில் பதியும் என்கிறார்கள். கேளிக்கைச் சூழலில் பாதுகாப்புக் கல்வி நடக்குமா? வண்டலூருக்கே போவதென்றால் அந்த நாளை எப்படித் திட்டமிட வேண்டும்? பிள்ளைகள் கற்றார்களா என்பதை எவ்வாறு அறிவது? அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓட்டேரிக்கரை

வணக்கம் அம்மா. பள்ளிக் குழுக்களுக்கு வழிகாட்டும் தன்னார்வலனாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையைக் கைவிடுங்கள். அறுநூறு ஹெக்டேர் அளவுக்கு விரிந்த இடத்தை ஒரே நாளில் சுற்றினால் கால்வலிதான் மிஞ்சும். மூன்று அல்லது நான்கு உயிரினங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் அரை மணி நேரமாவது பிள்ளைகளை உட்கார வையுங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். அதன் பிறகுதான் எந்தக் குரங்கு எதற்கு வழிவிடுகிறது, எது தனித்து அமர்ந்திருக்கிறது என்றெல்லாம் கேள்விகள் பிறக்கும்.

என்னைக் கேட்டால் சிங்கவால் குரங்கிலிருந்து தொடங்குவேன். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது. பெரும்பாலும் மரங்களின் மேலேயே வாழ்நாளைக் கழிக்கும் அந்தக் குரங்கு, தேயிலைக்கும் காபிக்குமாகக் காடு துண்டு துண்டாக்கப்பட்ட வால்பாறைப் பகுதியில் தரையிறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதாயிற்று. வாகனங்களில் அடிபட்டு இறப்பதும் நேர்ந்தது. அதைத் தடுக்கத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டப்பட்டன. இதை வகுப்பில் முன்கூட்டியே வரைபடத்தோடு சொல்லிவிட்டுப் பின்பு விலங்கின் முன் நிறுத்தினால், அது கிளையைப் பற்றும் விதத்தையும் தாவும் விதத்தையும் பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். கோடை விடுமுறையில் மலைக்குச் செல்லும் குடும்பங்கள் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பிஸ்கட் நீட்டுவதையும் அங்கேயே பேசிவிடலாம். உணவு கிடைக்கும் என்று பழகிய குரங்கு சாலையோரத்தை விட்டு அகலாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வீட்டாரிடம் தடுத்துச் சொல்லக்கூடிய செய்தி இது. “காடுகளைக் காப்போம்” என்று கோஷம் எழுதிய அட்டையைக் கையில் கொடுப்பதைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

அடுத்து, பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரி. அங்கு வரும் கொக்குகளையும் நாரைகளையும் யாரும் அடைத்து வைக்கவில்லை; தாமாக வந்து தாமாகப் போகின்றவை. கூண்டுக்குள் இருக்கும் பறவையையும் ஏரியில் இறங்கும் பறவையையும் ஒரே காலையில் பார்த்த பிள்ளைக்கு, வாழிடம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உங்கள் பள்ளியிலிருந்து தொலைவில் இல்லை. இன்னொரு நாள் அங்கும் அழைத்துச் செல்லுங்கள். பெருங்குடிக் குப்பைமேடு அதன் ஓரத்திலேயே இருப்பதால், அடுத்த பாடத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியிருக்காது.

கற்றார்களா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. லண்டன் விலங்குக்காட்சிசாலைக்கு வந்த 7 முதல் 15 வயது வரையிலான 2,800க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எரிக் ஜென்சன் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. தமக்குப் பிடித்த வாழிடத்தையும் அதில் வாழும் உயிர்களையும் வரையுமாறு வருகைக்கு முன்னும் பின்னும் மாணவர்களிடம் கேட்டு, இரண்டு படங்களையும் ஒப்பிட்டார்கள். பூங்காவின் கல்வியாளர் வழிநடத்திய மாணவர்களில் 41 சதவீதத்தினரிடமும், அவ்வாறு வழிநடத்தப்படாதவர்களில் 34 சதவீதத்தினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. வழிகாட்டி இருந்தும் பாதிக்கு மேற்பட்டோரிடம் முன்னேற்றம் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சிலும் போதும். நீங்களும் செய்து பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாள்களில் கதவு திறந்தவுடன் உள்ளே சென்றுவிடுங்கள். வெயில் ஏறினால் பெரும்பாலான விலங்குகள் நிழலில் படுத்துவிடும். பூங்கா நிர்வாகத்துக்கு முன்னதாகவே கடிதம் எழுதி, விலங்குக் காப்பாளர் ஒருவர் பிள்ளைகளோடு பேச முடியுமா என்று கேளுங்கள்.

மறுமொழி: அண்ணாநகர் அப்பா

பெற்றோர் சொல்வதை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கருதுகிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் 1998 ஏப்ரல் 22ஆம் நாள், அதாவது புவி நாளன்று, டிஸ்னி நிறுவனம் திறந்த அனிமல் கிங்டம் பூங்காவுக்கு மகளோடு சென்றிருக்கிறேன். சவாரிகளும் உணவகங்களும் நிறைந்த இடம்தான். ஆயினும் அங்கே கால்நடை மருத்துவர்கள் விலங்குகளைப் பரிசோதிக்கும் அறையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். விலங்குகளுக்கு ஆபத்து என்பதால் பலூனுக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்கும் பூங்காவுக்குள் இடமில்லை. பலூன் ஏன் இல்லை என்று மகள் கேட்டாள். காரணத்தை அங்கேயே சொல்ல முடிந்தது. அந்தப் பூங்காவின் சஃபாரி சவாரியில் தொடக்கக் காலத்தில் யானை வேட்டையாடும் கும்பலைத் துரத்துவதாக ஒரு கதையும் இருந்தது. பிற்பாடு அதை நீக்கிவிட்டு, விலங்குகளைப் பார்ப்பதற்கே முதலிடம் கொடுத்தார்கள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சவாரியை அன்று, அந்தக் கண்ணாடி அறையை.

மறுமொழி: கானுயிர் வாசகன்

அண்ணாநகர் நண்பர் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்கு ஒன்றிய அரசு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2013இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கேளிக்கைக்கும் கல்விக்கும் நடுவே நம் நாட்டில் இந்த அளவுக்காவது கோடு போடப்பட்டுள்ளது.

என் ஐயம் வேறு. பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பதாக ஆசிரியை குறிப்பிட்ட அந்த வெள்ளைப்புலியைப் பற்றி யார் அவர்களுக்கு உண்மையைச் சொல்கிறார்கள்? அது தனி இனம் அன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணுவால் நிறம் குன்றிய வங்கப்புலி. இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை, 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள ரீவாவின் மன்னர் பிடித்த மோகன் என்ற குட்டியின் வழிவந்தவை. நிறம் வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகளோடே இணைசேர்த்தார்கள். நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்ததால் பல உடற்குறைகள் வந்தன. ஆக, காட்டில் புலிகளைக் காப்பதற்கும் வெள்ளைப்புலியைப் பெருக்குவதற்கும் தொடர்பில்லை. கூட்டம் மிகுந்த அந்த இடத்தைத் தவிர்க்காமல், அங்கேயே பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும். மனிதர் விரும்பிப் பார்ப்பதும் பாதுகாக்கப்பட வேண்டியதும் எப்போதும் ஒன்றல்ல என்று ஏழாம் வகுப்பில் மரபியலைத் தொடாமலேயே விளக்கிவிடலாம்.

கூண்டுக்குள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் விலங்கைக் கண்டால் அதையும் மறைக்காமல் பேசுங்கள். அந்தக் காலத்தில் சென்னை மூர் மார்க்கெட் அருகே இருந்த, ‘உயிர் காலேஜ்’ என்று நம் தாத்தாக்கள் அழைத்த பழைய விலங்குக்காட்சிசாலையின் நெருக்கமான கூண்டுகளிலிருந்து, 1985இல் வண்டலூரின் அகழி சூழ்ந்த திறந்தவெளிக்கு மாற வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதும் அதே பேச்சின் தொடர்ச்சிதான்.

மறுமொழி: கோவளம் கடற்கரை

வண்டலூரோடு நிறுத்திவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரும் அவருடன் இருந்தோரும் 1976இல் தொடங்கியது. அந்த வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்சு எடுக்கும் இடத்தையும் காணலாம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வணிகம் நின்று, அதற்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. 1978இல் உருவான சங்கம், அவர்களுடைய அதே திறமையை நஞ்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சை எடுக்கும் தொழிலாக மாற்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்த பின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சட்டம் போட்டால் மட்டும் போதாது, அதனால் பிழைப்பை இழப்பவருக்கும் வழி வேண்டும் என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. மழைக்காலத்தில் தாம்பரம் பக்கத்து வீடுகளில் பாம்பு வந்தால் அடிக்காமல் யாரை அழைப்பது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வனத்துறையின் தொடர்பு எண்ணை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தாம்பரம் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சிங்கவால் குரங்கு, ஓட்டேரிப் பறவைகள், வெள்ளைப்புலி என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளவும், வருகைக்கு முன்னும் பின்னும் படம் வரையச் செய்யவும் முடிவு செய்திருக்கிறேன். முதலைப் பண்ணைக்கு அடுத்த பருவத்தில் அனுமதி கேட்பேன். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. “இவ்வளவு அரிய விலங்கென்றால் ஏன் காட்டில் விடக்கூடாது?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். என்ன சொல்வது?

மறுமொழி: ஓட்டேரிக்கரை

உடனே விடை சொல்லாதீர்கள் அம்மா. விட வேண்டுமென்றால் என்னென்ன தேவை என்று அவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள்: அறுபடாத காடு, ஆண்டு முழுவதும் பழம் தரும் மரங்கள், சேர்ந்து வாழ ஒரு கூட்டம், இரை தேடவும் ஆபத்தை உணரவும் கற்றுத்தரும் தாய். கூண்டில் பிறந்த குட்டிக்கு இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று அவர்களே குறிக்கட்டும். அந்தத் தாளைக் காப்பாளரிடம் காட்டி மீதியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். நாள்தோறும் அந்த விலங்குக்கு உணவு வைப்பவர் அவர்தானே.