2008 மாடல் 325ஐ: நீலகிரியில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி கட்டுபடியாகுமா?

கோத்தகிரிக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒருவர் பிஎம்டபிள்யூ 325ஐ விற்கிறார். 2008 மாடல், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது, ஆர்.சி. 2028 வரை புதுப்பித்திருக்கிறார். எஞ்சின் என்52. 2,497 சிசி, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 218 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், டர்போ கிடையாது. எனக்கு வீடு கோத்தகிரி, வேலை குன்னூர், வாரக் கடைசியில் மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டும். ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து வேறு வண்டி மனதுக்குப் பிடிக்கவில்லை. வாங்கலாமா? வாங்கினால் எதெல்லாம் கெடும்?

பர்லியார்
வேண்டாம். எஞ்சின் மோசம் என்று சொல்ல வரவில்லை. அது நின்றுபோகும் விதம் நம் மலைக்கு ஒத்துவராது.

என்52-ல் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை, அதாவது கூலன்ட்டை, சுற்றவிடும் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சார மோட்டாரில் ஓடுகிறது. பழைய மாதிரி பம்ப் சாகும் முன் கத்தும், சொட்டும், நமக்கு நாலு நாள் அவகாசம் கொடுக்கும். இது பெரும்பாலும் சொல்லாமல் நிற்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பம்ப் என்றால் அதன் முடிவு பக்கத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியின் மீட்டரில் கூலன்ட் வெப்பம் காட்டும் முள்ளும் கிடையாது. முதலில் மஞ்சள் விளக்கு, அப்புறம் சிவப்பு, அவ்வளவுதான். சிவப்பு வந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில், கொண்டை ஊசி வளைவில், பின்னால் பஸ் ஒட்டி வரும்போது எங்கே ஓரங்கட்டுவீர்கள்? ரெக்கவரி வண்டி கீழேயிருந்து ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்திருந்தால் அதுவும் வராது.

நேர்வரிசை
பர்லியார் அண்ணன் பம்ப்பைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை. அந்த மின்சார பம்ப்தான் மலைப்பாதைக்கு இந்த எஞ்சினில் உள்ள பெரிய வசதி.

லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஏறுகிறோம். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் சுமை முழுதாக இருக்கிறது. பெல்ட் பம்ப் என்றால் எஞ்சின் வேகத்துக்குத்தான் அதுவும் சுற்றும், அதாவது தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தள்ளும். மின்சார பம்ப்புக்கு எஞ்சின் வேகத்தோடு சம்பந்தமே இல்லை, கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்குத் தள்ளும். வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்த பிறகும், தேவைப்பட்டால் சற்று நேரம் ஓடிச் சூட்டை எடுத்துவிடும்.

எஞ்சினையும் பாருங்கள். ஆறு பிஸ்டன் ஒரே வரிசையில் நிற்பதால் முதல்நிலை, இரண்டாம்நிலை அதிர்வுகள் ஒன்றையொன்று அடித்துவிடும், தனி பேலன்ஸ் ஷாஃப்ட் தேவையில்லை. எஞ்சினின் உடலான பிளாக்கின் உள்பகுதி அலுமினியம், வெளிப்பகுதி மெக்னீசியம். கூலன்ட் அலுமினியத்துக்குள்ளேயே ஓடும், மெக்னீசியத்தைத் தொடாது. தண்ணீரால் குளிரும் கார் எஞ்சினில் இப்படி ஒரு கலவையைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்ததே இதுதான் முதலில். வேல்வெட்ரானிக் இருப்பதால் உள்ளிழுக்கும் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதே காற்றின் அளவைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சாமல் வால்வுக்கு முன்னால் பீய்ச்சுவதால், பின்னால் வந்த எஞ்சின்களைப் போல வால்வில் கரி படிவதும் இல்லை. அமெரிக்க வாகன இதழான வார்ட்ஸின் 2006-ஆம் ஆண்டுச் சிறந்த 10 எஞ்சின்கள் பட்டியலில் இதன் 3 லிட்டர் வடிவம் இடம்பிடித்தது.

பம்ப்பும், சூட்டைப் பார்த்து கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் டயர் மாதிரி. தேயும், காலத்தில் மாற்ற வேண்டும். கெடும்வரை காத்திருந்துவிட்டு எஞ்சினைத் திட்டுவது நியாயமா?

கெட்டி டீ
ஆறு சிலிண்டர்தான் வேண்டும் என்றால் அதே காலத்து மெர்சிடிஸ் இ280 பாருங்களேன். வி6, 231 குதிரைத்திறன். சொகுசு கூடுதல்.

நேர்வரிசை
அது எம்272 எஞ்சின். 90 பாகை வி6 என்பதால் அதிர்வை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட் வைத்தே ஆக வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் வந்த எஞ்சின்களில் அந்த ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். காற்றை சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் பிளாஸ்டிக் நெம்பும் ஒடியும். எஞ்சின் எண்ணைச் சரிபார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

பழைய ஸ்பானர்
கோவையில் ஒர்க் ஷாப் வேலை பார்த்தவன், இப்போது ஊட்டியில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் வாட்டர் பம்ப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில்.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. வயதானால் கல் மாதிரி இறுகிவிடும். ஆயில் கசிந்து நேராகக் கீழே பெல்ட்டின் மேல் விழும். ஆயில் குடித்த பெல்ட் நழுவும், நார் நாராகக் கிழியும். கிழிந்த நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுருட்டிக்கொண்டு முன் சீலைத் துளைத்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். போனது ஆயில் பம்ப்பின் வாயை அடைத்தால் எஞ்சின் முடிந்தது. விலை குறைந்த ஒரு கேஸ்கெட்டால் தொடங்கும் கதை இது. விற்பவர்கள் "லேசான கசிவுதான் சார்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வால்வு கவர் கேஸ்கெட்டும் இந்த வயதில் கசியும். எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டி, மேடு ஏறி நின்றதும் கருகிய வாடை வந்தால் அதுதான். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரத் தனி வேக்வம் பம்ப் இருக்கிறது, அதன் சீலும் கசியலாம். அங்கேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் போல்ட். மெக்னீசியத்தில் இரும்பு போல்ட் பூட்டினால் ஈரத்தில் இரண்டும் மின்வேதி முறையில் அரிக்கும். அதனால் அலுமினியம் போல்ட் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். கழற்றிய போல்ட்டையே திரும்பப் பூட்டும் கடைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் இதில் கஞ்சம் பிடித்தால் பிளாக்கின் திருகுபுரியே போய்விடும்.

பர்லியார்
என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி அண்ணே. மேலும் சில சேர்க்கிறேன்.

சமவெளியில் 218 என்பது கோத்தகிரியில் 218 இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். கோத்தகிரி உயரத்தில் 175 பக்கத்தில்தான் நிற்கும், ஊட்டிக்குப் போனால் அதிலும் குறைவு. இன்றைய சின்ன டர்போ எஞ்சின் இவ்வளவு இழக்காது.

சூடு அதைவிட முக்கியம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இந்த எஞ்சினைச் சாதாரண ஓட்டத்தில் 105 பாகை செல்சியஸிலும், லேசான ஓட்டத்தில் 112 வரையிலும் வைக்கிறார்கள். கூலன்ட் கொதிக்காமல் இருப்பது அதன் தொட்டி மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால். அந்த மூடி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அழுத்தம் பிடிக்கும். வெளிக்காற்றே மெலிந்த ஊட்டியில் கொதிநிலையும் சேர்ந்து இறங்கும். இத்தனை வருஷச் சூட்டில் பொரித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று விரிசல் விட்டால் அழுத்தம் போய்விடும், நொடியில் கொதிக்கும்.

எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிசிவி வால்வு உறையாமல் இருக்க வைத்த ஹீட்டரில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்று 2017-ல் அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆறு சிலிண்டர் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ல் செய்த ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை இல்லை. இத்தனையும் சேர்த்து ஒரு குடும்பம் ராத்திரியில் மலை ஏறும் வண்டிக்கு வேண்டுமா?

நேர்வரிசை
105, 112 என்பது நிதானமாக ஓட்டும்போது. ஆக்சிலரேட்டரை மிதித்து மலை ஏறினால் கம்ப்யூட்டர் தெர்மோஸ்டாட்டைச் சூடாக்கித் திறந்து 95, 90 என்று இறக்கிவிடும். மலையில் ஏறும்போது இந்த எஞ்சின் சமவெளியில் உருள்வதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். குழாய் விரிந்தால் கொதிக்கும் என்பது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

175 குதிரைத்திறன் போதாது என்று கோத்தகிரி ரோட்டில் யார் சொல்வார்கள்? டர்போ வண்டியில் வளைவு முடிந்து மிதித்தால் ஒரு கணம் யோசிக்கும். இதில் மிதித்த அளவு உடனே வரும். கொண்டை ஊசி வளைவில் அந்த நிதானம்தான் பாதுகாப்பு. எத்தனால் பற்றிச் சொன்னது சரி, குழாய்களை மாற்றத்தான் வேண்டும்.

கோத்தகிரிக்காரன்
காலையில் ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் என்று டேப்பட் சத்தம் வந்தது. விற்பவர் குளிருக்கு அப்படித்தான் என்கிறார்.

பழைய ஸ்பானர்
தம்பி, அது இந்த எஞ்சினின் பழைய குணம். வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் காற்று புகுந்தால் வரும். சின்னச் சின்ன தூரமே ஓடும் வண்டியில் அதிகம். நன்றாகச் சூடேறிய பிறகு 20 நிமிஷம் கொஞ்சம் ஏற்றி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லையென்றால் டேப்பட்டை மாற்ற வேண்டும், அது பெரிய செலவு. நீங்கள் குன்னூர் வரை ஓட்டுவது நல்லதுதான். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் உறைபனி மாதங்களில் ஆயில் சூடேறவே ஏறாது.

வாங்குவதானால் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஃபில்டர் ஹவுசிங்கின் கீழ்ப்பக்கத்தையும் பெல்ட்டையும் விரலால் தடவுங்கள், ஈரம் இருக்கக் கூடாது. பம்ப் மாற்றிய பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பம்ப், தெர்மோஸ்டாட், இரண்டு கேஸ்கெட், பெல்ட், கூலன்ட் குழாய்கள், புது போல்ட், இந்தச் செலவு முழுவதையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஆயில் 6.5 லிட்டர் பிடிக்கும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஸ்பேர் வரவழைக்கும்போது சேசிஸ் எண்ணைக் கொடுத்தே கேளுங்கள். ஐரோப்பாவில் பின்னால் வந்த 325ஐ பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் என்53, பல உதிரிகள் சேராது.

பர்லியார்
இவ்வளவு மாற்றிய பிறகும் அது 2008 வண்டிதான். உங்களிடம் இரண்டாவது வண்டி ஒன்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். இது ஒன்றே வண்டி என்றால் என் பதில் மாறாது.

கோத்தகிரிக்காரன்
வீட்டில் ஒரு ஜீப் இருக்கிறது அண்ணே. சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கிறேன். கூலன்ட் மாற்றினால் காற்று எடுப்பதற்குத் தனிக் கருவி வேண்டும் என்கிறார்களே?

பழைய ஸ்பானர்
வேண்டாம். பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டு. தொட்டியை நிரப்பி மூடியைப் போடு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டர் சூட்டை முழுதாகவும் காற்றைக் குறைவாகவும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 நொடி முழுக்க அழுத்திப் பிடி. பம்ப் தானே சுமார் 12 நிமிஷம் ஓடிக் காற்றை எடுத்துவிடும். நின்றதும் மட்டம் பார்த்து ஊற்று.