43 வயதில் வேலையை விட்டு மென்பொருள் படிக்கலாமா?

வடலி:
வயது 43. யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூத்த மகள் அடுத்த ஆண்டு சாதாரண தரம் எழுதுகிறாள். வேலையை விட்டு, ஓராண்டு முழுநேரமாகப் படித்து மென்பொருள் துறைக்குப் போக விரும்புகிறேன். மனைவிக்குச் சம்மதம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்கூடல்:
விடாதீர்கள், அண்ணா. அந்த ஓராண்டுச் செலவுக்கு எதை நம்பியிருக்கிறீர்கள்? ஊழியர் சேமலாப நிதி என்றால், ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான் அது கைக்கு வரும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தை வேலையை விட்டதும் கேட்கலாம். ஆனால் அதற்கு முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3 சதவீதம். வட்டியை விட்டுப் பார்த்தால், பதினெட்டு ஆண்டுகளுக்கு ஆறேழு மாதச் சம்பளம்கூடத் தேறாது. 2022இல் சாமான் விலை ஏறியபோது சம்பளம் இருந்த வீடுகளே திணறின. அதை மறந்து முடிவெடுக்காதீர்கள்.

கடற்காற்று:
பனங்கூடல் சொல்லும் கணக்குச் சரி, முடிவு பிழை. வேலையில் இருந்துகொண்டே படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளையின் பாடத்தைப் பார்த்து, இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறப்பவருக்கு நேற்று எழுதிய நிரலே நினைவில் இருக்காது. தொடர்ச்சியில்லாமல் படித்தால் நிரலாக்கம் வசப்படாது. 60 வயதுவரை உழைப்பதானால் அவருக்கு இன்னும் 17 ஆண்டுகள் இருக்கின்றன. அதற்காக ஓராண்டைக் கொடுக்கக் கூடாதா?

பனங்கூடல்:
கொடுத்தபின் வேலை எங்கே? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, புதியவர்களிடம் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல்களை இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. மிஞ்சிய இடங்களுக்கு யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்த பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பப் பாரம் இல்லை. அதே வரிசையில் போய் நிற்கும்படி ஒரு குடும்பத் தலைவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

செம்மண்:
எப்போது படிப்பது என்றே இருவரும் வாதாடுகிறீர்கள். எதைப் படிப்பது என்று யாரும் கேட்கவில்லை. நான் மென்பொருள் சோதனைப் பிரிவில், அதாவது எழுதிய மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் இடத்தில், வேலை செய்கிறேன். அங்கிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானது. விலக்கில் இருந்த பல பொருட்களும் வரிக்குள் வந்தன. மென்பொருளில் வீதத்தை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் டிசம்பரில் கொடுத்த பொருளுக்கு ஜனவரியில் பற்றுச்சீட்டு எழுதினால் எந்த வீதம்? பழைய விற்பனையில் பொருள் திரும்பி வந்தால் எதைக் கழிப்பது? இருபத்துநான்கு வயது நிரலாளருக்கு இந்தக் கேள்விகளே தோன்றாது. வடலி அண்ணாவுக்கு உடனே தோன்றும். கணக்கியல் மென்பொருள் செய்யும் இடங்களுக்கு அப்படிப்பட்டவர் தேவை.

முதலில் எஸ்கியூஎல் படியுங்கள்; தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளைத் தேடி எடுக்கும் மொழி அது. பிறகு மென்பொருள் சோதனைக்கான ஐஎஸ்டிகியூபி சான்றிதழின் அடிப்படைத் தேர்வு: 40 கேள்விகள், 26 சரியானால் சித்தி. 60 நிமிடங்கள், தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு இன்னும் 15 நிமிடங்கள். இதற்கு வேலையை விடத் தேவையில்லை.

கடற்காற்று:
தங்கச்சி, அவர் கேட்டது மென்பொருள் எழுதும் வேலை. நீங்கள் அவரைத் திரும்பவும் கணக்குக்குள்ளேயே இருத்துகிறீர்கள். பதினெட்டு ஆண்டுகள் போதும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றினால் அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தே படிக்கலாம். மூன்று ஆண்டுகள் ஆகும். ஆனாலும் அது கையில் இருந்தால் கணக்காளர் என்று ஒதுக்க மாட்டார்கள்.

செம்மண்:
மதிக்கிறேன், அண்ணா. ஆனால் மூன்று ஆண்டுகளில் மகள் உயர்தரத்துக்கு வந்துவிடுவாள். ரியூசன் செலவு உச்சத்தில் நிற்கும். கணக்கு அறிவு வழியாக உள்ளே போனவர் பிறகு நிரல் எழுதும் பக்கம் நகரலாம். எங்கள் பிரிவிலேயே அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வடலி:
எல்லோருக்கும் நன்றி. சேமலாப நிதி விடயத்தை மனைவியுடன் இன்னும் பேசவில்லை; இன்றிரவு பேசுகிறேன். கடற்காற்று, நீங்கள் சொன்னது உண்மை. கணக்கில் இருந்து வெளியேறத்தான் விரும்பினேன். செம்மண், எஸ்கியூஎல் பழக எங்கள் அலுவலகத்தின் பழைய விற்பனைப் பதிவுகளைப் பயன்படுத்தலாமா?

செம்மண்:
வேண்டாம், அண்ணா. அதில் வாடிக்கையாளரின் பெயரும் கடனும் இருக்கும். நீங்களே ஒரு கடையைக் கற்பனை செய்து, நூறு பற்றுச்சீட்டுகளை உருவாக்கி அதில் பழகுங்கள்.