படகு ஃப்ளோரிடாவில், நான் ஒஹாயோவில்: எங்கே பதிவது?

ஏரிக்கரை எழுதியது:
வணக்கம். நான் இருப்பது ஒஹாயோவில். மச்சினன் டாம்பாவில் இருக்கிறான், வீட்டுக்குப் பின்னாலேயே கால்வாய், படகு கட்டிவைக்கச் சொந்த டாக் வேறு. போன டிசம்பரில் ஒரு வாரம் அங்கே போய்த் தண்ணீரிலேயே கிடந்ததில் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. இப்போது அங்கேயே ஒருவரிடம் பழைய 22 அடி படகு ஒன்று, பின்னால் மாட்டும் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், ட்ரெய்லரும் சேர்த்து 24,000 டாலருக்குப் பேசி முடித்துவிட்டேன். படகு மச்சினன் வீட்டில்தான் நிற்கும். நான் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை போவேன், மற்ற நாளெல்லாம் அவன் ஓட்டுவான்.

என் லைசென்ஸ், முகவரி எல்லாம் ஒஹாயோ. அதனால் இங்கேயே பதிந்து ஸ்டிக்கரை அவனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? இல்லை, ஃப்ளோரிடாவில்தான் பதியவேண்டும் என்றால், இதற்கென்று ஃப்ளைட் பிடிக்காமல் இங்கிருந்தே முடிக்க வழி உண்டா? கார் நாலைந்து வாங்கி விற்றிருக்கிறேன், படகு இதுதான் முதல் தடவை.

நங்கூரம் எழுதியது:
முதலில் அந்தக் கார் கணக்கை மறந்துவிடுங்கள். கார் நீங்கள் குடியிருக்கும் ஊரைப் பார்க்கும், படகு அது கிடக்கும் தண்ணீரைப் பார்க்கும். படகு பெரும்பாலும் எந்த ஸ்டேட்டில் ஓடுகிறதோ அந்த ஸ்டேட்தான் அதற்கு எண் கொடுக்கவேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். உங்கள் முகவரிக்கு அதில் வேலையே இல்லை. ஆக, ஃப்ளோரிடா.

"90 நாள் வரைக்கும் வெளி ஸ்டேட் எண்ணோடு ஓட்டலாமே" என்று யாராவது சொல்வார்கள். அது விருந்தாளியாக வந்து போகிற படகுக்கு. அங்கேயே வாங்கி அங்கேயே நிறுத்துகிற உங்களுக்கு, வாங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) ரெஜிஸ்ட்ரேஷனும் உங்கள் பெயருக்கு மாறவேண்டும். அதுவரை தண்ணீரில் இறக்கினால் வாங்கியதற்கான தாள் படகிலேயே இருக்கட்டும், நிறுத்திக் கேட்பார்கள்.

ஃப்ளோரிடாக்காரராக இருந்தால்தான் பதியமுடியும் என்றெல்லாம் இல்லை. கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) டாக்ஸ் கலெக்டர் ஆபீஸ் இருக்கும், பெயரைப் பார்த்து வரி மட்டும் என்று நினைக்காதீர்கள், படகு வேலையும் அங்கேதான். 82040 என்ற விண்ணப்பத்தில் படகுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதை எடுங்கள். அதோடு விற்பவர் கையெழுத்திட்ட ஒரிஜினல் டைட்டில், உங்கள் லைசென்ஸ் காப்பி, செக். மச்சினனையே நேரில் அனுப்புவதாக இருந்தால் உங்கள் சார்பில் கையெழுத்திட அவனுக்கு அதிகாரம் தரும் 82053 என்ற பவர் ஆஃப் அட்டர்னி படிவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. கவுண்டரில் ஏதாவது குறை சொன்னால் அவன் அங்கிருந்தே உங்களுக்கு ஃபோன் போடுவான், தபாலில் போனால் குறை தெரியவே வாரக்கணக்காகும்.

விற்பவரிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள். டைட்டில் தாளாகக் கையில் இருக்கிறதா, இல்லை எலக்ட்ரானிக்காகக் கிடக்கிறதா? இரண்டாவது என்றால் முதலில் அவர் அதைத் தாளாக வாங்கவேண்டும். கடன் பாக்கி இருந்தால் அது தீர்ந்ததற்குத் தாள் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வரி 6 சதவீதம், உங்கள் 24,000 டாலருக்கு 1,440. அதன் மேல் கவுண்டி வரி கொஞ்சம், ஆனால் அது முதல் 5,000 டாலருக்கு மட்டும்தான்.

உப்புக்காற்று எழுதியது:
நங்கூரம் சொன்னதெல்லாம் சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். நானும் தூரத்திலிருந்துதான் பதிந்தேன், வேறு ஸ்டேட். மூன்று வாரம் கழித்து உறை அப்படியே திரும்பி வந்தது. காரணம் ஒரே ஒரு எழுத்து. ஹல் நம்பரில், அதாவது படகின் உடம்பில் பொறித்திருக்கும் அடையாள எண்ணில், பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் 'ஓ' என்று எழுதியிருந்தேன். என் தப்புதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

மொத்தம் 12 எழுத்து. முதல் மூன்று கம்பெனி, அடுத்த ஐந்து சீரியல், கடைசி நான்கு தேதி. அந்த ஐந்தில் 'ஐ', 'ஓ', 'க்யூ' மூன்றும் வரவே வராது, அதனால் அங்கே வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான். கடைசி நான்கு 'ஜி415' என்று இருந்தால், 'ஜி' ஜூலை, 4 என்பது 2014, 15 என்பது மாடல் வருஷம். விற்பவர் சொல்கிற வருஷத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம்.

மச்சினனை டாக்குக்கு அனுப்பிப் படகின் பின்பக்கம், வலது மேல்மூலையில் ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்கவரும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பிறகு டைட்டில், பில், விண்ணப்பம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ட்ரெய்லருக்குப் பதிவு தனி, அதை மறந்துவிடாதீர்கள்.

காற்றாடி88 எழுதியது:
எதுக்கு இவ்வளவு தலைவலி? கோஸ்ட் கார்டில் (ஃபெடரல் கடலோரக் காவல் படை) பதிந்துவிட்டால் எந்த ஸ்டேட்டும் வேண்டாம். இல்லையென்றால் மொன்டானாவில் ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் போடுங்கள், சேல்ஸ் டாக்ஸே கிடையாது.

நங்கூரம் எழுதியது:
@காற்றாடி88 தம்பி, கோஸ்ட் கார்டுக்குக் குறைந்தது 5 நெட் டன் வேண்டும். அந்த டன் எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. 25 அடிக்கு மேல் போனால்தான் பெரும்பாலும் எட்டும். அப்படியே எட்டினாலும் உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்கவேண்டும், க்ரீன் கார்டு போதாது. அதற்கப்புறமும் ஃப்ளோரிடா தன் பங்குக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் கேட்கும். மொன்டானா கம்பெனி வைத்தாலும் படகு டாம்பா கால்வாயில்தானே மிதக்கப்போகிறது? 1,440 டாலருக்காக இந்த விளையாட்டு வேண்டாம்.

ஏரிக்கரை, மச்சினன் 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவனா? அப்படியானால் ஃப்ளோரிடாவில் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் படகுப் பாதுகாப்பு அட்டை அவனிடம் இருக்கவேண்டும். உங்களுக்கும் அதே கதைதான். இன்ஷூரன்ஸில் படகு நிற்கும் இடம் டாம்பா என்றே எழுதுங்கள். ப்ரீமியம் குறையும் என்று ஒஹாயோ போட்டுவிட்டு, புயல் வந்தபின் க்ளெய்ம் என்று போனால் கைவிரித்துவிடுவார்கள்.

ஏரிக்கரை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. டைட்டில் எலக்ட்ரானிக்காகத்தான் இருந்தது, கேட்டிராவிட்டால் பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்திருப்பேன். விற்பவர் தாளாக வாங்கிக் கொடுத்தார். உப்புக்காற்று, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. அவர் கையால் எழுதிய பில்லில் சீரியலில் 5 இருக்கவேண்டிய இடத்தில் 'எஸ்' இருந்தது. திருத்தி வேறு பில் எழுதி வாங்கினோம். மச்சினன் பவர் ஆஃப் அட்டர்னியோடு போய் ஒரே நடையில் முடித்துவிட்டு வந்தான். ஸ்டிக்கர் என் பிறந்தநாளோடு காலாவதியாகுமாம், இனிமேல் அந்த நாள் யாருக்கும் மறக்காது.

இப்போது புதுத் தலைவலி. முன்பக்கம் பழைய எண் உரிந்திருந்தது என்று அவன் புதிதாக ஒட்டியிருக்கிறான். ஃபோட்டோ பார்த்தேன், 'எஃப்எல்', எண், கடைசி இரண்டு எழுத்து, எல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒரே ரயில். இது செல்லுமா?

உப்புக்காற்று எழுதியது:
செல்லாது. மூன்று அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது, நடுவில் இரண்டு இடத்திலும் ஓர் எழுத்தின் அகலத்துக்கு இடைவெளியோ கோடோ வேண்டும், இரண்டு பக்கமும். ஹேர் ட்ரையரை ஒரு நிமிஷம் காட்டிவிட்டு ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கச் சொல்லுங்கள். கத்தி வேண்டாம், ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) போய்விடும். ஸ்டிக்கரை மட்டும் தொடவேண்டாம், அது இடது பக்கம் எண்ணுக்கு ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் போதும்.