மெய்யியலாளர் கிட்டேயின் சார்ந்திருத்தல் கருத்தும் எட் ராபர்ட்ஸ் கேட்ட சுதந்திரமும் முரண்படுகின்றனவா?

இளவேனில்:
வணக்கம். அமெரிக்க மெய்யியல் பேராசிரியர் ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் வெளியிட்ட ‘லவ்ஸ் லேபர்’ நூலை முதுகலை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். குழந்தைப் பருவத்திலும் நோயிலும் முதுமையிலும் பிறரைச் சாராமல் வாழ்ந்தவர் எவரும் இல்லை என்றும், வாழ்நாள் முழுவதும் பிறருக்கு ஈடாக இயங்கவல்ல குடிமக்களை மட்டுமே மனத்தில் கொண்டு அரசியல் மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் தம் நீதிக் கோட்பாட்டை அமைத்துவிட்டார் என்றும் அவர் வாதிடுகிறார். ஆனால் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகளின் இயக்கமோ ‘சுதந்திர வாழ்வு’ என்பதையே முழக்கமாகக் கொண்டது. சார்ந்திருப்பது மனித இயல்பு என்றால் அவர்களது போராட்டம் வலுவிழக்காதா?

கரைவழி:
ஆங்கிலத்தில் ‘இண்டிபெண்டன்ஸ்’ என்று ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் சுதந்திரம் என்றும் தற்சார்பு என்றும் பிரித்து எழுத முடிகிறது. இயக்கம் கேட்டது முன்னதைத்தான். பதினான்காம் வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரும் அந்த இயக்கத்தின் முன்னோடியுமான எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அவர் உறங்குவதற்குத் தேவையான ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய மூச்சுக் கருவிக்கு மாணவர் விடுதியில் இடமில்லாததால், வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். உதவியாளரே இல்லாத வாழ்வை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரை உதவிக்கு வைத்துக்கொள்வது, எத்தனை மணிக்கு எழுவது, எங்கே போவது என்பவற்றைத் தாமே முடிவுசெய்ய வேண்டும் என்றார். 1972இல் பெர்க்லியில் உருவான சுதந்திர வாழ்வு மையம், உதவியாளர்களை ஏற்பாடு செய்வதையும் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்ப்பதையும் தன் அன்றாட வேலையாகக் கொண்டிருந்தது. ஆகவே, தாங்கள் காணும் முரண்பாட்டில் பாதி சொல்லால் வந்தது.

இளவேனில்:
நன்றி ஐயா. எனினும் கிட்டேயின் மகள் செஷாவுக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உண்டு. அவருக்குப் பேச்சும் இல்லை. உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் எப்படிப் பயன்படுத்துவார்?

வேர்க்கோடு:
மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது, தங்கையே. மூளை முடக்குவாதமுள்ள என் தம்பிக்குப் பேச்சு வராது. தயிர்சாதக் கரண்டியை அவசரமாக நீட்டினால் உதட்டை இறுக மூடிக்கொள்வான். சற்றுப் பொறுத்தால் தானே வாயைத் திறப்பான். அதை முடிவு என்று ஏற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. செஷாவைப் பார்த்துக்கொண்ட பெண்மணியும், நடைப் பயிற்சிக்கு ஒத்துழைக்க மறுத்த குழந்தை ஓர் இலை உதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான், குழந்தையின் வழியில், மெதுவாகச் செல்ல வேண்டும் என்று புரிந்துகொண்டதாகக் கிட்டே எழுதுகிறார்.

கிட்டேயின் ‘தூலியா’ என்ற கருத்தை ஆய்வேட்டில் விட்டுவிடாதீர்கள். பிரசவித்த தாய் குழந்தையைக் கவனிப்பதற்காக அந்தத் தாயைக் கவனித்துக்கொள்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதை உருவாக்கினார். பராமரிப்பவரைத் தாங்கும் பொறுப்பு சமூகத்துக்கு உண்டு என்பதே அதன் சாரம். ஊதியம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள முடிந்த குடும்பத்தின் அனுபவத்திலிருந்து அவர் எழுதுகிறார் என்பது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும் முரண்பாட்டைத் தேடுவதானால் இங்கே தேடுங்கள்: ராபர்ட்ஸின் பார்வையில் உதவியாளர் அவர் சொன்னதைச் செய்யும் பணியாளர், கிட்டேயின் பார்வையிலோ அந்தப் பணியாளருக்கும் ஓய்வும் ஊதியமும் தாங்கிக்கொள்ள ஒருவரும் வேண்டும்.