ராணுவத்தில் இருந்தவரை முகாமையாளராக வளர்ப்பது எப்படி?

பேலியகொடையில் உள்ள எங்கள் களஞ்சியத்துக்கு, 22 வருட ராணுவ சேவை முடித்த சார்ஜன்ட் ஒருவர் போன வருடம் செக்யூரிட்டியாக வந்தார். இப்போது இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். ஸ்டொக் கணக்கு, லொறி ஏற்றுவது எதுவும் பிசகாது. உதவி முகாமையாளர் ஆக்கலாம் என்றால், கூட்டத்தில் கருத்துக் கேட்டதும் எழுந்து நின்று "நீங்க சொல்லுங்க சேர், செய்யிறன்" என்கிறார். பிந்தி வரும் பொடியன்களிடம் காரணம் கேட்பதில்லை, வரிசையில் நிறுத்திவிடுவார். சிலர் வேலையையே விட்டுவிட்டார்கள்.

தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினோம்; முழுக்க ஆங்கிலம், ஃபைலோடு திரும்பி வந்தார். மூத்த முகாமையாளர் ஒருவரோடு சேர்த்துவிட்டோம், அவரையும் கமாண்டர் ஆக்கிவிட்டார்! முன்அனுபவத்தை வைத்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம், சரி. ஆட்களை நடத்த அது போதுமா?

இப்படி ஒருவரை வளர்த்தெடுத்தவர்கள், சொந்தமாக முடிவெடுக்கும் பொறுப்பை முதலில் எந்த வேலையில் கொடுத்தீர்கள்?